பந்திப் பாட்டுக்காரிகள்

கச்சேரி மேடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைக் கண்டால் தவறாமல் ஒரு கேள்வி கேட்கிறீர்கள். "அக்கா, நீங்களும் கோதையக்காவும் குழுவ விட்டு எப்படித் தனியா வந்தீங்க?" கேட்கிற தினுசிலேயே தெரிந்துவிடும், கேட்கிற ஆள் தன் குழுவை விட்டுப் போக நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று. தனியாகப் போவதற்கு என்னிடம் யோசனை ஏதும் கிடையாது. எங்களைச் சாப்பாட்டு ஹாலுக்கு அனுப்பினார்கள், நாங்கள் போனோம். அதற்குப் பிறகு நடந்ததில் இரண்டு மூன்று சமாசாரம் உங்களுக்கு உபயோகப்படும். அதை மட்டும் சொல்கிறேன்.

என் பெயர் ஜெயராணி. சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்துக் கை பழகி, பிறகு கீபோர்டுக்கு மாறியவள். கோதை பாடுகிறவள். எனக்கு ராஜபாளையம், அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டு பேரும் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எதிரெதிர் மெஷினில் நின்றோம். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், இழை அங்கங்கே அறுந்துகொண்டே இருக்கும், நாங்கள் நடந்துகொண்டே அதைப் பிணைத்துவிட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு இழை அறுந்ததற்காக மெஷினை நிறுத்தினால் அறுபடாத மற்ற இழைகளும் சேர்ந்து நிற்கும். அதனால் ஓட்டத்திலேயே பிணைக்கக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாடம்.

மில் சத்தத்தில் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. ஆகவே உள்ளே இருப்பவர்கள் கையாலும் உதட்டாலும்தான் பேசுவோம். உள்ளங்கையை விரித்துக் காட்டினால் 'நிறுத்து'. ஆள்காட்டி விரலைக் கொக்கி மாதிரி மடக்கினால் 'இழை அறுந்திருக்கு, பார்'. அதே விரலைச் சுற்றிக் காட்டினால் 'ஓடட்டும்'. மற்றதெல்லாம் உதட்டசைவு. மாமியார் கதை, மேஸ்திரியின் புது பைக், மத்தியானக் குழம்பு என்று எங்கள் பேச்சுக்குக் குறைச்சலே கிடையாது. சத்தம் மட்டும் இருக்காது.

ஷிஃப்ட் முடிந்து முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவுக்குப் போவோம். மில் எங்களுக்குச் சோறு போட்ட வேலை. குழு பக்க வேலை. பந்திப் பாட்டு அந்தப் பக்க வேலைக்கும் ஒரு பக்க வேலை.

அது ஆரம்பித்தது ராஜபாளையத்தில், தெலுங்கு பேசுகிற ஒரு வீட்டுக் கல்யாணத்தில். பெண்ணின் அப்பா கையைக் கூடக் கழுவாமல் எழுந்து வந்து எங்கள் குழுத் தலைவரைப் பிடித்துக்கொண்டார். குழுவில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். "அண்ணாச்சி, உங்க டிரம்ஸ் சத்தத்துல பந்தியில சாம்பார் கேட்டா ரசம் ஊத்துதான். செத்த நேரம் அமைதியா ஏதாவது பாடக்கூடாதா?" மாஸ்டருக்குக் கோபம். ஆனால் கல்யாண வீட்டாரிடம் கோபத்தைக் காட்டுகிற ஆள் இல்லை. எங்கள் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் போயி பந்தியில பாடிட்டு வாங்க. பெரிய பாட்டெல்லாம் வேண்டாம்" என்றார்.

குழுப் பையன்களுக்குக் கொண்டாட்டம். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதற்கு எங்களை அத்தாட்சியாகக் காட்டினார்கள். "பந்திப் பாட்டு அக்காமார் வாராக, இலையப் போடுங்க" என்று கேலி. கேலிப் பெயர் சீக்கிரம் ஒட்டும். கொஞ்ச காலத்தில் கல்யாண வீட்டார் மாஸ்டரிடம், "பந்திப் பாட்டும் உண்டுல்லா?" என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

சாப்பிடுகிறவர்களுக்குப் பாடுவது லேசு என்று நினைக்காதீர்கள். ஒரு முறை நாங்கள் உற்சாகத்தில் வேகமான பாட்டாக அடுக்கிவிட்டோம். பரிமாறுகிறவர்கள் தாளத்துக்கு ஏற்றாற்போல் ஓடுகிறார்கள், சாப்பிடுகிறவர்களும் அள்ளி அள்ளிப் போடுகிறார்கள். முதல் பந்தி அரக்கப் பரக்க முடிந்து, அடுத்த பந்திக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்தார். "தாயீ, கொஞ்சம் மெதுவாப் பாடுங்க. சோறு இன்னும் வேகல" என்று கும்பிட்டார். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் அடுப்படியை ஒருதரம் எட்டிப் பாருங்கள்.

இன்னொரு முறை நடந்ததை நாங்கள் பல காலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். கோதை ஒரு தாலாட்டு மாதிரியான பாட்டை அழகாகப் பாடிக்கொண்டிருக்கிறாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மாளுக்குப் பாயசம் இரண்டாம் முறை ஊற்ற வந்தான் பரிமாறுகிறவன். அவர் உள்ளங்கையை விரித்து, "சாலு, சாலு" என்றார். தெலுங்கில் போதும் என்று அர்த்தம். கோதை அந்தக் கையைப் பார்த்தாள். பாட்டைப் பாதியில் படக்கென்று நிறுத்திவிட்டாள்! ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. அந்த அம்மாளோ, "நான் பாயசத்த அல்லவா சாலுன்னேன், பாட்டையா சொன்னேன்? பாடும்மா" என்று பதறிப்போனார். மில்லுக்காரி புத்தி, கையைக் கண்டால் மெஷினை நிறுத்துகிறாள் என்று எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். அந்தப் பெரியம்மாளின் குரல் அவளுக்கு ஏன் கேட்கவில்லை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாஸ்டர் அன்றைக்கு ஒன்று சொன்னார். "தப்பு வந்தா வரட்டும், மூஞ்சியில காட்டாதீங்க. ஜனங்க பாட்டக் கண்ணாலதான் கேப்பாங்க." அவர் சொன்ன எத்தனையோ விஷயங்களில் எனக்கு உடன்பாடு கிடையாது. இது மட்டும் சுத்தமான உண்மை.

அடுத்தது கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு மண்டபத்தில். கோதைக்கு ஜலதோஷம். போகிற வழியிலேயே, "ஏட்டி, இன்னைக்கு ஒரு கட்டை இறக்கி வச்சுக்கோ, தொண்டை ஏறாது" என்று அவளே சொல்லியிருந்தாள். நானும் கீபோர்டில் சுருதியை இறக்கி வைத்து முன்னிசை வாசித்தேன். அவள் பழைய சுருதியில் எடுத்தாள். எடுத்தவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றிக்கொள்வாள் என்று பார்த்தேன். மாற்றவில்லை. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. மில் கேன்டீனில் தட்டு விழுந்தால் அது எந்த ஸ்வரம் என்று சொல்லி என்னை எரிச்சலூட்டிய கோதை, பக்கத்தில் நான் வேறு சுருதியில் வாசிப்பது தெரியாமல் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருக்கிறாள்.

இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்கு யோசிக்கக் கிடைப்பது ஒரு மூச்சு நேரம். வாசிப்பை நிறுத்தினால் அவள் தனியாக மாட்டிக்கொள்வாள். நான் சரி என்று சாதித்து வாசித்தால் அவள் தப்பு என்று ஹாலுக்கே தெரியும். அவள் முதல் வரி முடித்து மூச்சு வாங்கினாள். நான் பொத்தானை அழுத்திச் சுருதியை அவள் இருக்கும் இடத்துக்கு ஏற்றினேன். பக்கவாத்தியம் பாடுகிறவரோடு போக வேண்டும். யார் சரி என்கிற வழக்கை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் போகும் வரை என்னால் தாங்க முடியவில்லை. திரும்பும் பஸ்ஸிலேயே கேட்டேன். அவள் எப்போதும் போல இடது பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், நான் அவளுக்கு வலது பக்கம். அவளுடைய ஜன்னல் ஆசைக்கு என்ன காரணம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இடது காது போயி ரொம்ப நாளாச்சு. வலதும் இப்ப மங்கிட்டு வருது" என்றாள், பஸ் கட்டணம் ஏறிவிட்டது என்று சொல்வது போல.

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"சொன்னா நீ அழுவ. இந்தா, அழுகேல்லா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தினமும் எட்டு மணி நேரம் எதிரெதிரே நின்று பேசியிருக்கிறோம், நான் கண்டுபிடிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் மில்லுக்குள் எல்லோருமே செவிடுதான். அங்கே காது போனவளுக்கும் போகாதவளுக்கும் வித்தியாசம் கிடையாது. அவள் காதைத் தின்றதும் அந்தச் சத்தம்தான், அதை எங்களிடமிருந்து மறைத்து வைத்ததும் அந்தச் சத்தம்தான்.

மதுரையில் டாக்டரிடம் காட்டினாள். காதுக்கருவி கொடுத்தார்கள். பந்தியில் மாட்டிக்கொண்டு நின்றவள் ஒரே பாட்டோடு கழற்றிவிட்டாள். "வாளிச் சத்தந்தான் எம்புட்டுப் பெருசாக் கேக்குது! உன் கீபோர்டு சாம்பாருக்குள்ள முங்கிக் கெடக்கு" என்றாள்.

மாஸ்டருக்கு விஷயம் போகாமல் இருக்குமா? அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நல்ல பிள்ளைதான், இல்லேங்கல. ஆனா இனிமே செவிடன் காதுல சங்கு ஊதுன கதைதான். பந்திப் பாட்டுக்குச் சேத்தூர்ல ஒரு புதுப் பிள்ளை இருக்கு, நல்லாப் பாடுது. அடுத்த முகூர்த்தத்துக்கு அவளக் கூட்டிக்கோ." அவர் கெட்டவர் இல்லை. பத்துப் பதினைந்து பேரின் பிழைப்பைப் பார்க்க வேண்டியவர். நானும் அவரிடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இதைக் கோதையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்படியே ஒப்பித்தேன். அவள், "காது கேக்காதது சங்க ஊதுறவனுக்கா, கேக்கவனுக்கா?" என்றாள்.

"கேக்கவனுக்கு."

"நான் ஊதுறவட்டீ. ஊதுறவளுக்குக் காது எதுக்கு?"

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. மேடையில் நிற்காத கோதையை அவளாலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கும் முடியவில்லை.

மறுநாள் மில்லில் மெஷின் ஓடுகிறது. நான் எதிர்ப்பக்கம் நின்று, "மத்தியானம் என்ன கொழம்பு?" என்று உதட்டால் கேட்டேன். "புளிக்கொழம்பு. நேத்து வச்சது" என்று உதட்டாலேயே சொன்னாள். சொல்லிக்கொண்டே ஒரு இழையைப் பிணைத்தாள். அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் இவளோடு ஒரு சத்தமும் இல்லாமல்தானே பேசிக்கொண்டிருக்கிறேன், மேடையில் மட்டும் எதற்குச் சத்தத்தை நம்பிக் கிடக்கிறேன் என்று தோன்றியது. விரலைக் கொக்கியாக மடக்கிக் காட்டினேன். அவள் திரும்பித் தன் மெஷினில் எந்த இழை அறுந்தது என்று தேடினாள். நான் இல்லையென்று தலையாட்டி, என் தொண்டையைத் தொட்டு மறுபடி விரலை மடக்கினேன். அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் அவள் முகத்தில் வந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அப்படித்தான் நாங்கள் வேலை செய்ய ஆரம்பித்தோம். பாட்டு தொடங்கும் முன் அவள் குனிந்து ஸ்பீக்கர் பெட்டி மேல் வலது காதை வைப்பாள், நான் சுருதி கொடுப்பேன். பார்க்கிறவர்கள் அவள் வாத்தியத்தைக் கும்பிடுகிறாள் என்று நினைத்து, பக்தியான பிள்ளை என்பார்கள். பிறகு அவள் என்னைப் பார்த்து நின்று பாடுவாள். என் விரல் போகிற போக்கைப் பார்த்தே பாட்டில் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வாள். சுருதி விலகினால் என் விரல் கொக்கியாகும், மேலா கீழா என்று நுனியால் காட்டுவேன். பாட்டை நிறுத்தாமல் அவள் பிணைத்துக்கொள்வாள். ஆரம்பத்தில் அடிக்கடி கொக்கி போட வேண்டியிருந்தது. பிறகு குறைந்தது. காது கேட்டபோது இருந்ததை விட அவள் பாட்டில் ஒரு நிதானம் வந்தது என்று நான் சொன்னால், சிநேகிதிக்காகச் சொல்கிறேன் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் எங்களைக் குழுவில் வைத்துக்கொள்ளவில்லை. தனியாகப் போய்க்கொள்ளுங்கள் என்றார், ஆனால் கேட்டு வந்த வீட்டாரை எங்களிடம் அனுப்பவும் செய்தார். பெயர் என்ன போடுவது என்று யோசிக்க வேண்டியே இருக்கவில்லை, 'பந்திப் பாட்டு' என்றே கார்டு அடித்தோம். உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

இனி நான் சொல்ல வந்த கடைசி விஷயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டில் அறுபதாம் கல்யாணம். கோதைக்கு வேண்டிய வீடு. அவள் அண்ணன், மதினி, தெருக்காரர்கள் எல்லோரும் வருகிற இடம். அந்தச் சமயத்தில் அவளுக்கு வலது காதும் கிட்டத்தட்டப் போய்விட்டது. பெட்டியில் காதை வைத்தால் சுருதியின் அதிர்வு மட்டும் கிடைக்கும். ஊரில் அரசல் புரசலாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மண்டபத்து வாசலில் என்னை நிறுத்திச் சொன்னாள்:

"ஊரு சிரிக்கதுக்கு முன்ன நிப்பாட்டிருன்னு அண்ணன் சொல்லுதாவ. இன்னைக்கு ஒரு இடத்துல பிசகுனாலும் பொறவு மேடை ஏறமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்."

"கிறுக்கி, என்னக் கேக்காம எதுக்குட்டீ குடுத்த?" என்றேன்.

"நீ இருக்கேல்லா" என்றாள்.

பகல் பந்தி. அண்ணன் முதல் வரிசையில், எங்களுக்கு நேர் எதிரே. இரண்டு பாட்டு நன்றாகவே போயிற்று. மூன்றாவதில், சரணம் நடுவில், மோர் வாளியோடு போன ஒருவர் கால் தட்டி என் கீபோர்டின் மின்சார வயர் பிடுங்கிக்கொண்டது. சிவப்பு விளக்கு அணைந்து கீபோர்டு செத்துவிட்டது. உள்ளே பேட்டரி கிடையாது. மைக் மட்டும் உயிரோடு இருக்கிறது. கோதை என்னைப் பார்த்துக்கொண்டே பாடுகிறாள்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நிறுத்துவாள். அண்ணன் முன்னால், பாதிப் பாட்டில். அத்தோடு முடிந்தது. கொக்கி போட்டால், தான் சுருதி விலகிவிட்டதாக நினைத்து, சரியாக இருப்பதைக் கெடுத்துக்கொள்வாள். ஆகவே நான் ஒன்றும் செய்யவில்லை. செத்த கட்டைகள் மேல் வாசித்துக்கொண்டே இருந்தேன். முகத்தை ஒன்றும் நடக்காதது போல வைத்துக்கொண்டேன். என் கை ஓடுவதைப் பார்த்து அவள் பாடினாள். ஹாலில் அவள் குரல் மட்டும்தான். பேச்சுச் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. வயரைத் தட்டியவர் வாளியைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றார். அண்ணன் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

யாரோ புண்ணியவான் ஓடிப் போய் வயரை மாட்டிவிட்டார். கீபோர்டில் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. அதுதான் நிஜமான ஆபத்து. அணைந்து எழுந்த கீபோர்டில் நான் வைத்திருந்த சுருதி அழிந்து போயிருக்கும், ஒரு விரல் பட்டால் போதும், எல்லாம் நாறிவிடும். பாட்டு முடியும் வரை விரல்களைக் கட்டையில் படாமல் ஒரு நூல் மேலே வைத்து வாசித்தேன். சும்மா வாசிப்பதில் இவ்வளவு கை வலி எனக்கு எப்போதும் வந்தது கிடையாது.

அவள் பல்லவிக்குத் திரும்பி வந்து முடித்தாள். கை தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள் நான் சுருதியைச் சரி செய்து, அவள் விட்ட கடைசி ஸ்வரத்தை மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். தொடங்கிய இடத்திலேயே நின்றிருந்தாள், மயிரிழை விலகவில்லை.

அண்ணன் கை கழுவிவிட்டு வந்தார். "அந்தப் பாட்டுல வாத்தியத்த நிப்பாட்டிட்டுக் குரல மட்டும் விட்டிய பாருங்க, அது நல்ல யோசனைம்மா" என்றார் என்னிடம். பிறகு கோதைக்கு எதிரே போய் நின்று, அவள் உதட்டைப் படிக்கட்டும் என்று நிதானமாக, "சரி, பாடிக்கோ" என்றார்.

நடந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. தெரிந்தால் அடுத்த மேடையில் பயப்படுவாள், பயந்தால் குரல் ஆடும் என்று கணக்குப் போட்டேன். சாயந்திரம் என்னை பஸ் ஏற்றிவிட ஸ்டாண்டு வரை வந்தாள். நடந்துகொண்டே, "ஏட்டி, இன்னைக்குக் கீபோர்டு நல்லாக் கேட்டுச்சு" என்றாள். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டிரைவர் வண்டியை உறுமவிட்டார், பக்கத்து வண்டிக்காரன் ஹாரனை விடாமல் அடிக்கிறான். கீழே நின்றிருந்த கோதை என்னைக் கூப்பிடுவது போல் கையாட்டினாள். திரும்பிப் பார்த்தேன். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காமல், மில்லில் பேசுகிற மாதிரி, உதட்டால் சொன்னாள்:

"செவப்பு லைட்டு அணைஞ்சதப் பாத்தேன். நீ கைய விரிக்கல. அதான் நானும் நிறுத்தல."

வண்டி நகர ஆரம்பித்தது. நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஆள்காட்டி விரலைச் சுற்றிக் காட்டினேன்.